வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ரீச்சர்

மீனலோசனி ரீச்சரைப் பற்றி நாரந்தனைச் சனத்திடம் கேட்டால் எல்லாரும் ஒன்றையேதான் சொல்வார்கள். "அது கேட்டவுடனை ஓம் எண்டு சொல்லுற மனிசி." இதைப் புகழ்ச்சி என்று எடுத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஒரு மனிசருக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது.

வெளியாருக்கு விளங்காது என்பதால் விளக்கிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் "தேத்தண்ணி குடியுங்கோ" என்பார்கள். நீங்கள் "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்று சொல்ல வேண்டும். குடித்திருக்க வேண்டும் என்பதில்லை. வெயிலில் மூன்று கட்டை தூரம் நடந்து வந்து நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் இரண்டாம் தரம் கேட்பார். நீங்கள் வயிற்றைத் தடவிக் காட்டுவீர்கள். மூன்றாம் தரம் "அப்ப எங்கடை வீட்டிலை குடிக்கமாட்டியளோ?" என்று முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு கேட்பார். அதற்குப் பிறகுதான் "சரி, அரைப் பேணி தாங்கோ." வருவது முழுப் பேணிதான். இரு தரப்புக்கும் மரியாதை காப்பாற்றப்பட்டுவிட்டது.

மீனலோசனிக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, தாய் சிவக்கொழுந்து அவரைப் புங்குடுதீவில் ஒரு மாமி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பால் குடிக்கிறியோ பிள்ளை?" என்று மாமி கேட்டார். "ஓம். சீனி கூடப் போட்டுத் தாங்கோ" என்றது பிள்ளை. தாய் தொடையில் கிள்ளினார். திரும்பி வரும் வழியில், "வேணும் எண்டால் ஏனம்மா வேண்டாமெண்டு சொல்லவேணும்?" என்று மீனலோசனி கேட்டார். சிவக்கொழுந்துக்குப் பதில் தெரியவில்லை. அதனால் மற்றத் தொடையிலும் கிள்ளினார்.

கிள்ளி ஒன்றும் திருந்தவில்லை. 1973இல், இருபத்தைந்து வயதில், பெண் பார்க்க வேலணையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மீனலோசனி தட்டத்தில் பயற்றம்பணியாரமும் முறுக்கும் கொண்டுபோய் மாப்பிள்ளையின் தாய்க்கு நீட்டினார். அந்த மாமி வழக்கப்படி, "ஐயோ வேண்டாம் பிள்ளை, வயிறு நிறைஞ்சுபோய்க் கிடக்கு" என்றார். மீனலோசனி "சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டத்தைத் திருப்பிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். வேலணை ஆட்கள் பச்சைத்தண்ணிகூட இல்லாமல் பஸ் ஏறினார்கள். சம்பந்தம் அதோடு முறிந்தது. "வயிறு நிறைஞ்சு கிடக்கு எண்டு அவவே சொன்னவ. நான் நம்பினது பிழையோ?" என்று மீனலோசனி கேட்டார். இதற்கும் சிவக்கொழுந்திடம் பதில் இல்லை, கிள்ளுகிற வயதும் தாண்டிவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு விஞ்ஞானத்தைத் தவிர வேறு என்ன பொருந்தும்? விஞ்ஞான ரீச்சரானார். நெடுந்தீவில் ஆறு வருடம் படிப்பித்தார். அந்த ஆறு வருடமும், வருடத்துக்கு ஒன்றாக, மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதினார். கேட்டது யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு கருத்தரங்குக்குப் போனபோது அதன் ஆய்வுகூடத்தைக் கண்டிருந்தார். எட்டு மேசை, மேசைக்கு மேசை தண்ணீர்க் குழாய், கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு, துணி மூடிய நுணுக்குக்காட்டி ஒன்று. மற்றப் பெண்கள் காப்பைப் பார்க்கிற மாதிரி அந்தத் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

1985 தை மாதத்தில் மாற்றம் கிடைத்தது. பட்டணத்துக்கு அல்ல. நாரந்தனை மந்திர வித்தியாலயத்துக்கு.

மந்திர வித்தியாலயம் என்றால் மந்திரம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம், வேறொன்றுமில்லை. அறுபத்திரண்டு பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் கண்ணூறு கழித்தல், ஆறாம் வகுப்பில் ஆட்டைப் பின்பக்கமாக நடத்துதல், ஒன்பதாம் வகுப்பில் பாரம் எழுப்புதல். கல்விக் கந்தோரில் "பள்ளிக்கூடத்துக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியர்" என்று சட்டம் போட்டபோது, மந்திரப் பள்ளிக்கூடம் நீங்கலாக என்று ஒருவரும் எழுதவில்லை.

முதல் நாள் ரீச்சர் ஒன்பதாம் வகுப்புக்குள் போனார். நான்கு பிள்ளைகள் வரிசையாக இருந்த மரவாங்கு ஒன்று நிலத்தில் படாமல் அந்தரத்தில் நின்றது. பறந்துபோகாமல் இருக்க யன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் ஒன்றும் நடவாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்கள். வேறு ஆள் என்றால் மயங்கி விழுந்திருக்கும். ரீச்சர் கொஞ்ச நேரம் குனிந்து வாங்கின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஒருத்தரும் அளந்து பாக்கேல்லையோ!"

அந்தரத்தில் நின்ற வாங்கைக் கண்டு வராத அதிர்ச்சி அவருக்கு அப்போதுதான் வந்தது.

பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியரும் பெரிய மந்திர வாத்தியாரும் ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர். முப்பத்தொரு வருடச் சேவை. நெற்றி நிறையத் திருநீறு, தோளில் சால்வை, கதவால் நுழையும்போது முதலில் வயிறு வரும். "மந்திரத்தை அளக்கேலாது ரீச்சர்" என்றார். "அடிமட்டம் இருக்குது ஐயா" என்றார் ரீச்சர். அளந்தபோது வாங்கு பதினாலு அங்குலம் எழும்பியிருந்தது. கற்பூரம் கொளுத்தாமல் எழுப்பச் சொன்னார், அப்போதும் பதினாலு. கிழக்கே பார்க்காமல் மேற்கே பார்த்தபடி எழுப்பச் சொன்னார், அதே பதினாலு. பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். முப்பத்தொரு வருடமாக வீணாய்ப் போன கற்பூரம் அவர் கண்ணுக்குள் எரிந்திருக்கும்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடமாடியவர் இலட்சுமிப்பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குத் தேத்தண்ணி ஊற்றுவது, கூட்டுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். ஒரு மனிசர் பேணி இல்லாத கையோடு இருப்பதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது.

இனிக் கிணற்றுக்கு வருவோம். பள்ளிக்கூடக் கிணறு உவர்க் கிணறு. வாயில் வைத்தால் கடல்தான். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றரைக் கட்டைக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து வண்டிலில் பீப்பா வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தவருடைய மாடு செத்துப்போக, வண்டில் நின்றுபோனது. அதன் பிறகு பள்ளிக்கூடம் குடித்தது ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரரின் மந்திரத் தண்ணீரைத்தான். விடிய வந்து, உவர்த் தண்ணீர்க் குடத்துக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்து, நூற்றெட்டுத் தரம் செபிப்பார். முக்கால் மணித்தியாலத்தில் தண்ணீர் இனிக்கும். உப்பெல்லாம் குடத்துக்கு வெளியே வெள்ளை மாவாகப் பூத்து நிற்கும். இலட்சுமிப்பிள்ளை அதைச் சுரண்டிப் போத்தலில் போட்டுக் கறிக்கு எடுத்துக்கொள்வார். ஆனால் சில நாளில் மந்திரம் பலிக்காது. பஞ்சமி என்பார் மாஸ்ரர், இல்லாவிட்டால் யாரோ செருப்போடு நடந்துவிட்டார்கள் என்பார்.

ஆவணி மாதத்தில் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வளவுக்குள் குடிநீர்க் கிணறு இல்லாத சிறிய பள்ளிக்கூடங்கள் வருட முடிவோடு மூடப்படும், பிள்ளைகள் ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுவார்கள். ஐப்பசி மாதம் பதினேழாம் திகதி அதிகாரி வந்து கிணற்றைப் பரிசோதிப்பார்.

ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். ஊர்காவற்றுறையில் ஆட்டைப் பின்பக்கமாக நடத்த யார் படிப்பிக்கப் போகிறார்கள்? மாஸ்ரருக்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு சீவியம் இல்லை. "ஒரு குடம் முக்கால் மணித்தியாலம் எண்டால் ஒரு கிணறு எவ்வளவு நேரம் ரீச்சர்?" என்று கேட்டார். முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒருவரிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தரம்.

ரீச்சர் செய்து பார்த்தார். "நித்திரை இல்லாமல் செபிச்சால் ஏழு வருசம் ஐயா."

மாஸ்ரரின் முகம் விழுந்துபோனதைப் பார்க்க ரீச்சருக்கு ஒரு மாதிரி இருந்தது. "மந்திரத்திலை எந்தத் துண்டு வேலை செய்யுது எண்டு கண்டுபிடிச்சால், அந்தத் துண்டை மட்டும் பெருப்பிக்கலாம்" என்றார். "ஒரு பரிசோதனை செய்வமோ?"

பரிசோதனை இதுதான். பத்துக் குடம் உவர்த் தண்ணீர், இரண்டு வரிசை. முன்வரிசை ஐந்துக்கும் மாஸ்ரர் செபிக்க வேண்டும், பின்வரிசை ஐந்தையும் சும்மா விட வேண்டும். பிறகு ரீச்சர் ஒவ்வொரு குடத்திலும் கொஞ்சம் எடுத்து வெள்ளி நைத்திரேற்றுத் துளி விடுவார். உப்பு இருந்தால் தண்ணீர் பாலாக வெளுக்கும். அந்த மருந்து ஒரு சின்ன மண்ணிறப் போத்தலில் நெடுந்தீவிலிருந்து அவர் கூடவே வந்தது. அது பட்டுப் பட்டு ரீச்சரின் விரல் நுனியெல்லாம் கறுப்பு. ஊரில் அதற்கும் கதை இருந்தது.

மாஸ்ரர் செபித்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். இடையில் வழக்கம்போல இலட்சுமிப்பிள்ளை மூக்குப்பேணியோடு வந்து, மாஸ்ரர் கையால் விலக்க விலக்க நின்று மினக்கெடுத்திவிட்டுப் போனார். முக்கால் மணித்தியாலம் முடிந்தது. ரீச்சர் துளி விட்டார். முன்வரிசை ஐந்தும் கண்ணாடி மாதிரித் தெளிவு. பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசை ஐந்தும் அதே தெளிவு. கைதட்டல் பாதியில் நின்றது.

"ஆரோ பின்வரிசைக்கும் களவாய்ச் செபிச்சிருக்கினம்" என்றார் ரீச்சர்.

"என்ரை மந்திரம் அவ்வளவு தூரம் பாயும்" என்றார் மாஸ்ரர், மீசையைத் தடவிக்கொண்டு.

அடுத்த கிழமை திரும்பச் செய்தார்கள். இந்த முறை ரீச்சர் இரக்கமே காட்டவில்லை. பிள்ளைகளை வேலிக்கு அப்பால் நிற்க விட்டார். இலட்சுமிப்பிள்ளையைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். மாஸ்ரரும் குடங்களும் அடிமட்டமும் தவிர வளவுக்குள் ஒன்றுமில்லை. மாஸ்ரர் நூற்றெட்டுச் செபித்தார். துளி விட்டால் பால். இன்னொரு நூற்றெட்டு. பால். வியர்வை திருநீற்றைக் கரைத்துக்கொண்டு வடிய மூன்றாவது நூற்றெட்டும் செபித்தார். பத்துக் குடமும் பாலாக வெளுத்தது. வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள்.

மாஸ்ரர் சால்வையை எடுத்துத் தோளில் போடாமல் கையில் பிடித்தபடி வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "அந்தக் கறுப்பு விரல்காரி வந்து மாஸ்ரரின் மந்திரத்தை உறிஞ்சிப் போட்டாள்" என்று ஊர் பேசியது. ரீச்சர் தனியே விஞ்ஞான அலுமாரிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். தான் செய்தது சரியான பரிசோதனை என்று அவருக்குத் தெரியும். அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரலாம் என்று அவர் படித்த புத்தகம் ஒன்றிலும் போட்டிருக்கவில்லை.

அழுது முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தை மாதத்திலிருந்து தான் எழுதிவந்த தண்ணீர்க் கொப்பியை எடுத்தார். எந்த நாள் இனித்தது, எந்த நாள் உவர்த்தது என்று அதில் இருந்தது. உவர்த்த நாளெல்லாம் வெள்ளிக்கிழமை. பஞ்சமியும் இல்லை, செருப்பும் இல்லை. வெள்ளிக்கிழமையில் என்ன? வரவு இடாப்பைப் புரட்டினார். மாஸ்ரர் வந்திருந்தார், பிள்ளைகள் வந்திருந்தார்கள். வெள்ளிக்கு வெள்ளி வராத ஆள் ஒருவர்தான். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போகிற இலட்சுமிப்பிள்ளை.

ரீச்சர் எழும்பி ஓடினார். முப்பத்தேழு வயதில், சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்கப் பார்க்க மாஸ்ரர் வீட்டு வாசல் வரைக்கும் ஓடினார்.

"ஐயா, நீங்கள் செபிக்கேக்கை இலட்சுமியக்கா வந்து என்ன செய்யிறவ?"

மாஸ்ரர் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னார். "கரைச்சல் தாறவ. தேத்தண்ணி குடியுங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ எண்டு. செபத்திலை இருக்கிறவன் எப்பிடிக் குடிக்கிறது? வேண்டாம் வேண்டாமெண்டு கையைக் காட்டுவன். விடமாட்டா."

"எத்தினை தரம் கேப்பா?"

"எத்தினை தரம் கேக்கிறது? எல்லாரும் கேக்கிற மாதிரி மூண்டு தரம்தான்."

"உங்கடை குருவுக்கும் ஆரும் இப்பிடிக் கரைச்சல் குடுத்தவையோ?"

மாஸ்ரர் யோசித்தார். "நாகமுத்தர் செபிக்கேக்கை பெண்சாதி கஞ்சிச் சிரட்டையோடை வந்து நிப்பா. குடியப்பா, குடியப்பா எண்டு..." வசனம் பாதியில் நின்றுவிட்டது. மாஸ்ரர் மெல்லத் திரும்பி ரீச்சரைப் பார்த்தார்.

பின்னேரமே செய்து பார்த்தார்கள். மாஸ்ரர் செபிக்கவில்லை, சும்மா கதிரையில் இருந்தார். இலட்சுமிப்பிள்ளை மூன்று தரம் வற்புறுத்தினார், மாஸ்ரர் மூன்று தரம் மறுத்தார். பக்கத்தில் இருந்த குடம் இனித்தது. வெறும் பேணியை நீட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்ரர் முதல் தரமே "தாங்கோ" என்றால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தரம் வற்புறுத்தினால் துளி விட்ட தண்ணீர் பாலிலிருந்து மோருக்கு வந்தது. இரண்டு தரத்துக்குக் கஞ்சித்தெளிவு. மூன்றுக்குக் கண்ணாடி. நாலாம் தரம் கேட்டபோது மாஸ்ரருக்கு உண்மையாகவே கோபம் வந்து, குடம் திரும்பவும் உவர்த்தது. ரீச்சர் இதையெல்லாம் வரைபடமாகக் கீறிக் கரும்பலகையில் மாட்டினார்.

மாஸ்ரருக்குக் கவலை இல்லாமல் இல்லை. "அப்ப நான் முப்பத்தொரு வருசம் செபிச்சதெல்லாம் சும்மாவோ?"

"சும்மா இல்லை ஐயா. நீங்கள் செபிச்சபடியால்தான் தேத்தண்ணியை மறுத்தனீங்கள்."

மாஸ்ரர் அதை மென்று பார்த்தார். பரவாயில்லாமல் இருந்தது போலும். அடுத்த நாள் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

இனிக் கிணறு. அறுபத்திரண்டு பிள்ளைகளையும் சோடி சோடியாகக் கிணற்றைச் சுற்றி நிறுத்தி, ஒருவருக்கு ஒருவர் பனங்கட்டி நீட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் பனங்கட்டியை மறுப்பார்களா? முதல் தரமே வாயில் போட்டுவிட்டார்கள். சரி, விருப்பமில்லாததை நீட்டுங்கோ என்று வேப்பங்குடிநீர் கொடுத்தார்கள். எல்லாரும் முப்பது தரம் மறுத்தார்கள், கிணறு அசையவில்லை. இதிலிருந்து ரீச்சர் ஒரு விதி கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதினார். ஆளுக்கு அது உள்ளுக்குள் வேண்டியிருக்க வேண்டும், வாய் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்பவர்கள் விடாமல் வற்புறுத்த வேண்டும். ஆசை எவ்வளவு பெரிதோ, இனிக்கிற தண்ணீரும் அவ்வளவு. ஒரு பேணித் தேத்தண்ணி ஆசைக்கு ஒரு குடத்திலிருந்து பத்துக் குடம். ஒரு கிணறு இனிக்க எவ்வளவு பெரிய ஆசை வேண்டும்?

"வாற அதிகாரி யாழ்ப்பாணத்திலையிருந்து பஸ்ஸிலை வாறார்" என்றார் மாஸ்ரர். "பாலத்திலை ஆமி மறிச்சு, இறக்கி, ஏத்தி, இஞ்சை வந்து சேர மத்தியானமாகும். பசியும் தாகமுமாய் வருவார். நாங்கள் ஒரு கலியாணச் சாப்பாடு வைப்பம். பெரிய மனிசன், எப்பிடியும் மூண்டு தரம் மறுப்பார்." திட்டத்தில் ரீச்சருக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

ஐப்பசி பதினேழு. அதிகாரி சோமாஸ்கந்தன் மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். பன்னிரண்டரைக்குத் தூசியோடு வந்து சேர்ந்தார். கிணற்றடியில் மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, இளநீர், வடை, கணவாய்க் கறி, பால்பொங்கல், எல்லாம் வைத்திருந்தார்கள். ஊரே வேலியில் நின்றது. இலட்சுமிப்பிள்ளை இளநீரோடு முன்னுக்குப் போனார்.

"ஐயா, இளநீர் குடியுங்கோ."

"ஓம், தாங்கோ" என்றார் சோமாஸ்கந்தன். வாங்கிக் குடித்தார்.

வேலியில் ஒரு பெருமூச்சு கேட்டது. மாஸ்ரர் வடைத் தட்டத்தை நீட்டினார். "ஓம்." நாலு எடுத்தார். பொங்கல்? "ஓம், கொஞ்சம் கூடவே போடுங்கோ." கணவாய்? "ஓம்." மாஸ்ரர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்ட, அந்த மனிதர் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். மேசை வெறுமையானது. கிணறு அப்படியே கிடந்தது. மீனலோசனி ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். தன்னைப்போல இன்னொரு சீவன் உலகத்தில் இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு நாள் என்றால் சந்தோசப்பட்டிருப்பார்.

சோமாஸ்கந்தன் கையைத் துடைத்துக்கொண்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். ஒரு வாய் வைத்தார், துப்பினார். "மன்னிக்கவேணும் மாஸ்ரர். சாப்பாடு நல்லாய் இருந்தது. தண்ணி உப்பு." பையிலிருந்து மூடுகிற படிவத்தை எடுத்து மேசையில் விரித்தார். மாஸ்ரர் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். வாங்கைப் பதினாலு அங்குலம் எழுப்பத் தெரிந்த பிள்ளைகளும் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பேனையைத் திறந்த அதிகாரிக்கு ஏதோ ஞாபகம் வந்தது. "மீனலோசனி ரீச்சர் ஆர்? உமக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தனான். பட்டணத்துப் பள்ளிக்கூடத்திலை விஞ்ஞான இடம் ஒண்டு காலியாய் இருக்கு. ஆறு தரம் கேட்டிருக்கிறீர். இப்ப கிடைச்சிருக்கு. எடுக்கிறீரோ?"

எட்டு மேசையும் குழாயும் தராசும் ரீச்சரின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நுணுக்குக்காட்டியின் துணியைத் தானே தூக்குகிற மாதிரி இருந்தது. "ஓம்" என்ற சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. முப்பத்தேழு வருடமாக அந்தச் சொல் தொண்டையில் தங்கியதே இல்லை. இன்றைக்குத் தங்கியது. கரும்பலகையில் தன் கையால் எழுதிய விதி அவருக்கு ஞாபகம் வந்தது. இந்த வளவுக்குள் ஒரு கிணற்றளவு ஆசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அந்தக் கடித உறைக்குள் இருந்தது. இன்னொன்றும் அவருக்குத் தெரியும். இந்த மனிதரிடம் ஒரு "வேண்டாம்" சொன்னால் அதோடு முடிந்தது. அவர் இரண்டாம் தரம் கேட்கப்போவதில்லை. ரீச்சரும் இதுவரை யாரையும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

"வேண்டாம் ஐயா" என்றார்.

"சரி" என்றார் சோமாஸ்கந்தன். பேனை திறந்தபடிதான் இருந்தது. கடிதத்தில் அவருடைய பெயரை வெட்டினார். "வேறை ஆள் நிக்குது."

மாஸ்ரர் கிணற்றுக் கட்டிலிருந்து துள்ளி எழும்பினார். "என்ன ரீச்சர் விசர்க்கதை! நீர் வந்த நாளிலையிருந்து சொல்லிக்கொண்டு திரிஞ்ச இடமெல்லே! வாங்கும்!"

"வேண்டாம் மாஸ்ரர்."

"எங்கடை பள்ளிக்கூடம் எப்பிடியும் போகுது. நீராவது நல்லாய் இரும். வாங்கும் பிள்ளை!" மாஸ்ரரின் குரல் உடைந்தது. ரீச்சரை அவர் பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

"வேண்டாம்."

"எடுங்கோ ரீச்சர்!" இலட்சுமிப்பிள்ளை மேசைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். "அந்தத் தராசைப் பற்றி எத்தினை நாள் சொன்னனீங்கள்! எடுங்கோ!"

"எனக்கு வேண்டாம் இலட்சுமியக்கா" என்றார் ரீச்சர். கண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கிணற்றுக்குள் குமுறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு கிணற்றுக் கட்டுச் சுற்றிலும் வெள்ளை பூக்கத் தொடங்கியது. முதலில் மாவாக, பிறகு கட்டிகட்டியாக, உப்பு மேலே ஏறி வழிந்து நிலத்தில் கொட்டியது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். சாக்கு எடுத்து வாங்கோ என்று வேலியில் நின்ற சனம் கத்தியது. சோமாஸ்கந்தன் சப்பாத்துக்குள் உப்பு போய்விட, ஒற்றைக்காலில் நின்றபடி வாளியை விட்டு அள்ளினார். குடித்தார். இன்னொரு தரம் குடித்தார். படிவத்தை நாலாகக் கிழித்துப் பையில் போட்டார்.

ரீச்சர் மண்ணிறப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து, மிச்சமிருந்த கடைசித் துளியை விட்டுப் பார்த்தார். கண்ணாடி. கொப்பியில் திகதி போட்டு எழுதினார். மாஸ்ரர் உப்புக் குவியலுக்கு நடுவில் நின்று பிள்ளைகளுக்கு எதையோ உரத்து விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். மந்திரம் என்ற சொல் நாலைந்து தரம் காதில் விழுந்தது. ரீச்சர் திருத்தப் போகவில்லை.

காலையிலிருந்து அவர் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. தொண்டை காய்ந்துபோய் இருந்தது. அந்த நேரம் பார்த்து இலட்சுமிப்பிள்ளை கிணற்றின் இனித்த தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றி, முதல் பேணியை அவரிடம்தான் கொண்டுவந்தார்.

"ரீச்சர், தேத்தண்ணி குடியுங்கோ."

"ஐயோ வேண்டாம் இலட்சுமியக்கா" என்றார் ரீச்சர். "இப்பதான் குடிச்சனான்."

சொல்லிவிட்டு, இரண்டாம் தரம் கேட்பார் என்று காத்துக்கொண்டு நின்றார். சீவியத்தில் முதல் தரமாக அப்படி நிற்கிறார். சந்தோசமாகக்கூட இருந்தது.

இலட்சுமிப்பிள்ளை அவரை ஒரு கணம் பார்த்தார். ரீச்சர் வேண்டாமென்றால் அதற்கு வேண்டாமென்றுதான் கருத்து என்பது நாரந்தனை முழுக்கத் தெரிந்த விசயம். "சரி ரீச்சர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பேணியை அதிகாரியிடம் நீட்டினார்.

"ஓம், தாங்கோ" என்றார் சோமாஸ்கந்தன்.

ஆவி பறக்கிற அந்தப் பேணி கைமாறிப் போவதை ரீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பணியாரத் தட்டம் குசினிக்குத் திரும்பிப் போனதை இப்படியே பார்த்துக்கொண்டிருந்த வேலணை மாமியின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. பாவம், அந்த மனிசிக்கு எவ்வளவு பசியாக இருந்திருக்கும்.